பணத்தின் விலையைச் சொன்ன குருவானவர்

புனித சவேரியாரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் தமிழ்நாட்டில் இராது. ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயம் இருக்கிறது. மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்த குகையை இன்றும் மக்கள் காட்டுகிறார்கள். அந்தப் புனிதருடைய தாயாரின் பெயர் மரியா அஸ்பில்குவேத்தா. அந்தத் தாயாரின் குலத்தில் பிறந்த மற்றொரு குருவானவர், தம் காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற பேராசிரியராக விளங்கினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் மார்ட்டின் அஸ்பில்குவேத்தா. நவாரா நாட்டுக்காரர் என்பதால் அக்காலத்தவர் அவரை டாக்டர் நவாரஸ் என்றே அழைத்தனர். சவேரியார் ஆன்மாக்களைத் தேடி நம் கடற்கரைக்கு வந்தார். இவரோ, ஒரு குருவானவர் எட்டிப் பார்க்கவும் தயங்கும் இடமாகிய வணிகரின் கணக்கறைக்குள் புகுந்து, பணம் என்றால் என்ன, அதற்கு ஏன் சில நேரம் மதிப்புக் கூடுகிறது, சில நேரம் குறைகிறது என்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியை அவர் எந்த மொழியில் எழுதினார் என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மார்ட்டின் நவாராவில் பாரசோயின் என்னும் சிற்றூரில் பிறந்தார். கொலம்பஸ் கடல் கடந்து புதிய உலகைக் கண்ட 1492-ஆம் ஆண்டையொட்டிய காலம் அது. அந்தப் புதிய உலகம் இவருடைய வாழ்க்கைக் கதையிலும் பின்னால் வந்து சேரும். நவாரா அப்போது பிரனீஸ் மலைச்சாரலில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே இருந்த சிறிய தனி அரசு. அந்த மலைப்பகுதி மக்கள் பாஸ்க் மொழி பேசுவர். அக்கம்பக்கத்து மொழிகள் எதனோடும் உறவில்லாத பழைய மொழி அது. அத்தகைய நாட்டில் பிறந்தவர் பிழைக்க வேண்டுமானால் பல மொழிகளைக் கற்றுத்தான் ஆகவேண்டும். மார்ட்டின் முதலில் அல்காலா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் மலையைக் கடந்து பிரான்சுக்குச் சென்று தூலூஸ் நகரில் திருச்சபைச் சட்டத்தைக் கற்றார். தூலூசிலும் காகோர் என்னும் ஊரிலும் ஆசிரியராகவும் இருந்தார்.

இதற்கிடையே அவருடைய தாய்நாடு பறிபோயிற்று. 1512-இல் ஸ்பெயின் அரசர் பெர்டினாண்டு நவாராவைக் கைப்பற்றினார். சவேரியாரின் வீட்டார் தங்கள் பழைய அரச குடும்பத்தின் பக்கம் நின்றனர். அதற்குத் தண்டனையாக 1516-இல் சவேரியார் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. சவேரியார் அப்போது பத்து வயதுச் சிறுவர். தோற்றுப்போன பக்கத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர் என்னும் நிழல் மார்ட்டினையும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அவர் நாடு திரும்பி, ரோன்செஸ்வாயெஸ் மடத்தில் புனித அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியரோடு சேர்ந்தார். சந்தியாகு அப்போஸ்தலரின் கல்லறைக்கு நடந்துபோகும் திருப்பயணிகளுக்கு உணவும் படுக்கையும் தந்த மடம் அது. 1524-இல் சலமாங்கா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கொண்டது. 1218-இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம் அந்நாளில் ஸ்பெயினின் அறிவுக் கருவூலமாகத் திகழ்ந்தது. இரண்டாண்டு கழித்து, அமெரிக்க இந்தியரின் உரிமைகளுக்காக வாதாடிய புகழ்பெற்ற தொமினிக்கன் குருவானவர் பிரான்சிஸ்கோ விட்டோரியாவும் அங்கே வந்து சேர்ந்தார். இவர்களையும் இவர்களுடைய மாணவரையும்தான் பிற்கால அறிஞர்கள் சலமாங்கா அறிஞர் குழு என்று போற்றுகிறார்கள்.

பொருளாதாரம் என்றொரு தனிப்பாடம் அப்போது உலகில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. ஆதம் ஸ்மித் தம் பெருநூலை வெளியிட்ட 1776-ஆம் ஆண்டுக்கு இன்னும் இருநூற்றைம்பது ஆண்டுகள் இருந்தன. விலை, வட்டி, கூலி, வரி ஆகிய எல்லாவற்றையும் இறையியலிலும் சட்டத்திலும் ஒரு பகுதியாகவே கற்றனர். இன்று நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் மற்றவருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதுதானே விலை? நியாயம் பற்றிய கேள்வி என்றால் அது குருவானவரிடம் வந்துதானே தீரும்?

1538-இல் போர்ச்சுக்கல் அரசர் மூன்றாம் ஜான், கோயிம்பிரா நகருக்கு மாற்றிய பல்கலைக்கழகத்துக்கு மார்ட்டினைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இசைவளித்தார். அங்கே அவர் பணியாற்றியபோதுதான், 1540-இல், சவேரியார் இந்தியாவுக்குக் கப்பல் ஏற லிஸ்பன் வந்து காத்திருந்தார். அங்கிருந்து தம் உறவினருக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. மார்ட்டினுக்கும் சவேரியாரோடு இந்தியா செல்லும் ஆசை இருந்தது என்றும், வயதாகிவிட்டது, இந்தப் பாடுகளைத் தாங்கமாட்டீர் என்று சவேரியார் அவரை நிறுத்திவிட்டார் என்றும் கூறுவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்குள்தான். அதற்குப்பின் அவர் இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தார். சவேரியாரோ 1541-இல் கப்பல் ஏறி, 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்து, 1552-இல் சீனாவின் வாசலில் மரித்தார். கிழவர் என்று நிறுத்தப்பட்டவரின் பெரிய பணிகள் எல்லாம் அதற்குப் பின்னரே நடந்தன!

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். கொலம்பஸ் கண்ட புதிய உலகிலிருந்து ஸ்பெயினின் செவில்யா துறைமுகத்துக்குப் பொன்னும் வெள்ளியும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1545-இல் பொத்தோசி என்னும் மலையில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டபின் அந்த வரவு பல மடங்காயிற்று. அந்தச் சுரங்கத்தின் இருளில் வருந்தி உழைத்த இந்தியரின் கண்ணீர் தனிக்கதை. வெள்ளி வந்து குவிந்ததால் ஸ்பானியர் எல்லாரும் செல்வராகிவிட்டனரா? இல்லை. ரொட்டி விலை ஏறியது. துணி விலை ஏறியது. ஆள் கூலியும் ஏறியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்பெயினில் விலைகள் ஏறத்தாழ மூன்று, நான்கு மடங்காகிவிட்டன. பணம் பெருகப் பெருக ஏன் பற்றாக்குறை என்று மக்கள் திகைத்தனர். சிலர் வணிகரின் பேராசை என்றனர். சிலர் கடவுளின் தண்டனை என்றனர்.

இன்னொரு பக்கம், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருக்கள் திணறிக்கொண்டிருந்தனர். கடன் கொடுத்து வட்டி வாங்குவது பாவம் என்பது அக்காலத் திருச்சபையின் உறுதியான போதனை. ஆனால் வணிகர் வந்து அறிக்கையிட்டதோ வேறொரு காரியம். வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் முறை நமக்குத் தெரியும். அங்கே தினார் கட்டினால் இங்கே ரூபாய் கிடைக்கும். இடையிலே இருப்பவருக்கு மாற்று விகிதத்தில் இலாபம் உண்டு. அதேபோல அன்றும் செவில்யாவில் பணம் கட்டி ஒரு சீட்டு வாங்கினால், மெதினா தெல் காம்போ சந்தையிலோ பிளாண்டர்ஸ் நாட்டிலோ அந்தச் சீட்டைக் காட்டி அவ்விடத்து நாணயத்தில் பெற்றுக்கொள்ளலாம். இந்தச் சீட்டு வணிகத்தில் வரும் இலாபம் நேர்மையான ஊதியமா, மாறுவேடம் போட்ட வட்டியா? பாவமன்னிப்புக் கொடுக்கலாமா, கூடாதா? சீட்டு எப்படி ஓடுகிறது என்றே தெரியாத குருவானவர் என்ன பதில் சொல்வார்?

இவர்களுக்காகவே மார்ட்டின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு ஒரு கைநூல் எழுதியிருந்தார். 1556-இல் அதன் ஸ்பானியப் பதிப்பு சலமாங்காவில் வெளிவந்தபோது, அதனோடு நாணய மாற்றைப் பற்றிய விளக்கவுரை ஒன்றையும் சேர்த்தார். பார்வைக்குச் சிறியது. ஆனால் அதிலேதான் அந்தப் பெரிய விடை இருக்கிறது.

அவர் கூறியது இதுதான். பணமும் ஒரு சரக்கே. எந்தச் சரக்கும் மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் மலிவாகும், அரிதாக இருக்கும் இடத்தில் மதிப்பேறும். தூத்துக்குடியில் வலை நிறைய மீன் பட்ட நாளில் மீன் விலை இறங்குவதை நம் அன்னையர் அறிவார்கள். பணத்துக்கும் அதே கதிதான். பணம் பெருகிய இடத்தில் அதன் மதிப்புக் குறையும். மதிப்புக் குறைந்த பணத்தைக் கூடுதலாகக் கொடுத்தால்தான் அதே ரொட்டி கிடைக்கும். இந்தியத் தீவுகள் கண்டுபிடிக்கப்பட்டு ஸ்பெயின் பொன்னாலும் வெள்ளியாலும் நிறைவதற்கு முன் அங்கே பண்டங்களும் உழைப்பும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன என்பதையும், பணம் குறைவாக உள்ள பிரான்சில் ரொட்டி, திராட்சை இரசம், துணி, கூலி எல்லாம் ஸ்பெயினைவிட மலிவாக இருப்பதையும் அவர் சான்றாகக் காட்டினார். இதை அவர் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை என்பது எங்கள் எண்ணம். இரண்டு நாட்டிலும் ரொட்டி வாங்கித் தின்றவர் அல்லவா அவர்! தோற்ற நாட்டில் பிறந்து எல்லை கடந்து அலைந்த வாழ்க்கையே அவருக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தது.

இதிலிருந்து வணிகரின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஓரிடத்தில் பணம் மலிவு, மற்றோரிடத்தில் அரிது என்றால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் நேர்மையாக உழைத்து அளவான இலாபம் பெறுவதில் குற்றமில்லை என்றார். ஆனால் கடனை மறைத்துச் சீட்டு என்று பெயர் சூட்டுவதை அவர் ஒப்பவில்லை. அது வட்டியே, பாவமே என்று கண்டித்தார்.

அவருடைய மற்றொரு கருத்து, அரசு விலைகளைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்பது. பண்டம் மிகுந்திருக்கும்போது கட்டுப்பாடு வேண்டியதில்லை, அரிதாக இருக்கும்போது அது பயன் தராது என்பது அவர் வாதம். இதில் எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. நியாயவிலைக் கடை அரிசியில் உலை வைக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். வெறுமனே விலையைக் கட்டிப்போடுவது வேறு, அரசே அரிசியை வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பது வேறு என்று எங்கள் வகுப்பில் ஒரு கட்சி வாதாடியது. வாதம் இன்னும் முடியவில்லை.

இத்தனை நுணுக்கமான காரியத்தை அவர் ஏன் ஸ்பானிய மொழியில் எழுதினார்? பல்கலைக்கழக மொழி லத்தீன். அறிஞர் எனப்படுவோர் லத்தீனில்தான் எழுதுவர். மக்கள் மொழியில் எழுதுவது தாழ்வு என்று எண்ணியவரும் உண்டு. ஆனால் கிராமத்துக் குருவானவருக்கும் கடைக்காரருக்கும் லத்தீன் எவ்வளவு தெரியும்? யார் படித்தால் பயன்படுமோ அவருடைய மொழியில் எழுதவேண்டும் என்று இவர் முடிவு செய்தார். கைநூல் முதலில் போர்ச்சுக்கீசிய மொழியிலும், பின்பு ஸ்பானியத்திலும் வந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் அழைப்பு வந்தபின் முதுமையில் அதனை லத்தீனிலும் ஆக்கினார். அது எத்தனையோ பதிப்புகள் கண்டது.

மக்கள் மொழியில் எழுதுவதில் ஆபத்தும் இருந்தது. அதை அவர் பிறருடைய துன்பத்தில் அருகிருந்து பார்த்தார். தொலேதோ நகர அதிமேற்றிராணியார் பர்த்தலோமே கர்ரான்சா ஸ்பானிய மொழியில் ஒரு ஞானோபதேச விளக்க நூலை 1558-இல் வெளியிட்டார். அதிலே தப்பறை இருக்கிறது என்று குற்றஞ்சாட்டி, 1559-இல் ஸ்பானிய விசாரணை மன்றம் அவரைக் கைது செய்தது. ஸ்பெயின் திருச்சபையின் தலைமைப் பீடத்தில் இருந்தவரை ஒரே இரவில் சிறையில் அடைத்தார்கள். அவருக்காக வழக்காட நியமிக்கப்பட்டவர்களில் மார்ட்டின் ஒருவர்.

சும்மா பெயருக்கு வாதாடிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். எதிரே நின்றது விசாரணை மன்றம், அதன் பின்னே நின்றது மன்னர் இரண்டாம் பிலிப்பின் அதிகாரம். மார்ட்டினோ, ஸ்பெயினில் இந்த வழக்குக்கு நீதி கிடைக்காது, பாப்பரசரே உரோமையில் விசாரிக்கவேண்டும் என்று மன்னருக்கே எழுதினார். ஆண்டுகள் உருண்டன. பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதரின் பிடிவாதத்தால் 1567-இல் கைதி உரோமைக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்போது மார்ட்டினுக்கு எழுபத்தைந்து வயது. சவேரியாரோடு போக முடியாதவர், இப்போது ஒரு கைதிக்காகக் கடல் கடந்தார். வழக்கு அங்கும் ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. 1576-இல் தீர்ப்பு வந்தது. கர்ரான்சா பதிதர் என்று தீர்க்கப்படவில்லை, ஆனால் பதினாறு கூற்றுகளை மறுத்துரைக்க வேண்டும் என்றார்கள். அவர் பணிந்து ஏற்றார். சில வாரங்களுக்குள் மரித்தும் போனார். பதினேழு ஆண்டுச் சிறைவாசம் இப்படி முடிந்தது. மார்ட்டின் வென்றாரா, தோற்றாரா என்று சொல்ல எங்களால் இயலவில்லை.

மன்னரின் மனக்கசப்பால்தான் அவருக்குக் கர்தினால் பதவி கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். அவர் உரோமையிலேயே தங்கிவிட்டார். மூன்று பாப்பரசர்கள் அவருடைய ஆலோசனையைக் கேட்டனர். 1566-இலேயே அவர் குருக்களின் வருமானத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதுவும் ஸ்பானிய மொழியில்தான். ஆலய வருமானத்தில் குருவானவர் தம் எளிய பிழைப்புக்கு வேண்டியதுபோக மீதியை ஏழைகளுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். எழுதியதோடு நில்லாமல் அப்படியே நடந்தும் காட்டினார். உரோமைத் தெருக்களில் அவர் ஒரு கோவேறு கழுதையில் ஏறிச் செல்வார். பிச்சைக்காரரைக் காணும்போதெல்லாம் அவர் நிறுத்தி நிறுத்திப் பழகியதால், நாளடைவில் யாரும் சொல்லாமலே அந்தக் கழுதை பிச்சைக்காரர் முன் தானாக நின்றுவிடுமாம். பணத்தின் மதிப்பைப் பற்றி எழுதியவரின் கையில் பணம் தங்கவேயில்லை. 1586-இல் தொண்ணூறு வயதைக் கடந்தவராய் இறைவனடி சேர்ந்தார். உரோமையில் போர்ச்சுக்கீசியரின் புனித அந்தோனியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன்பின் நடந்ததுதான் எங்களுக்கு மிகவும் வியப்பளித்தது. பணம் பெருகினால் விலை ஏறும் என்ற உண்மையை 1568-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் போதேன் எழுதினார். பிற்கால நூல்கள் பலவும் அவரையே முதல்வர் என்று எழுதிவந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய மார்ட்டினின் பக்கங்களைத் திறந்து பார்க்க ஆளில்லை. வானநூலார் கோப்பர்னிக்கஸ் இன்னும் முன்னமேயே இதைப்போல ஒன்றை எழுதிவைத்திருந்தார். ஆனால் அது அக்காலத்தில் அச்சேறவில்லை. பொருளாதாரம் படித்தவருக்குப் பழைய ஸ்பானியம் தெரியாது. ஸ்பானியம் படித்தவர் கவிதையும் நாடகமும் தேடினரே அன்றி, பாவசங்கீர்த்தனக் கைநூலின் பின்னிணைப்பில் பொருளாதாரத்தைத் தேடவில்லை. இப்படியே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழிந்தன.

1940-களில் ஸ்பானிய அறிஞர் சிலர் அந்தப் பக்கங்களைத் தூசி தட்டி எடுத்தனர். ஆங்கிலம் பேசும் உலகுக்கு அவற்றைக் கொண்டுவந்தவரோ ஒரு பெண்மணி. மார்ஜரி கிரைஸ் ஹட்சின்சன் என்பது அவர் பெயர். 1909-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தையார் தென் ஸ்பெயினில் மலாகா அருகே குடியேறியதால் இளமையிலேயே அந்நாட்டோடு உறவு கொண்டவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது தந்தையும் மகளும் தங்கள் சிறு கப்பலில் அகதிகளை ஏற்றிக்கொண்டு ஜிப்ரால்டரில் சேர்த்தனர். லண்டனில் ஸ்பானிய மொழியைக் கற்று, அதனைக் கற்பித்தும் வந்த அவர், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பொருளாதாரமும் படித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் ஹாயெக் அவருக்கு வழிகாட்டினார்.

மொழியும் பொருளாதாரமும் ஒருங்கே படிப்பது பயனற்ற சேர்க்கை என்று சொல்வோர் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று வீட்டில் பேச்செடுத்தாலே அதை நாங்கள் கேட்கிறோம். ஆனால் மார்ட்டினின் விளக்கவுரையைப் படிக்க இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. மொழி மட்டும் தெரிந்திருந்தால் அந்தச் சீட்டு வணிகம் புரிந்திராது. பொருளாதாரம் மட்டும் தெரிந்திருந்தால் முதல் வரியே புரிந்திராது. 1952-இல் சலமாங்கா அறிஞர் குழுவைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மார்ட்டினின் பக்கங்கள் சிலவும் ஆங்கிலமாகி அதில் இடம்பெற்றன. அதற்குப் பிறகு எழுதப்பட்ட பொருளாதார வரலாறுகளில் நவாரா நாட்டு டாக்டரின் பெயர் வரத் தொடங்கியது. அவருடைய விளக்கவுரை 1965-இல் மத்ரித் நகரில் தனி நூலாகவே மறுபதிப்புப் பெற்றது.

மார்ஜரி அம்மையார் மீண்டும் மலாகாவுக்கே திரும்பி, அங்கேயே வாழ்ந்து, 2003-இல் மறைந்தார். அவர் அளித்த பண்ணை நிலத்தில் மலாகா பல்கலைக்கழகம் ஒரு சோதனைப் பண்ணை நடத்துகிறது. அதற்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.